வராத பயணியையும் எண்ணுங்கள்: கோலாலம்பூரில் நகரப் போக்குவரத்து பிஎச்டி, முதல் நாள் முதல் வைவா வரை

"மீள்திறனும் நியாயமும் உள்ள நகரப் போக்குவரத்து" என்று ஒரு தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அந்த வழியே போய் முடித்தவன். அதற்குப் பிறகு ஏழெட்டுப் பேர் தங்கள் ப்ரொபோசலை, அதாவது ஆய்வுத் திட்டத்தை, தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வேலை அவர்களுக்குத் தெரியும், வரிசை தெரியாது. ஆறாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வோம். இடையூறு வந்தால் எவ்வளவு தாங்குகிறது, விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பது மீள்திறன். விழுந்த நேரத்தில் சுமை யார் தலையில் இறங்கியது என்பது நியாயம். இரண்டும் ஒரே ஆய்வில் வரவேண்டும் என்றால் கடைசி வரைக்கும் ஒரே கேள்வியில் கட்டியிருக்க வேண்டும். ஆளுக்கொரு அத்தியாயம் என்று பிரித்தால் இரண்டு அரை ஆய்வுதான் மிஞ்சும்.

0. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ். கணக்குக்கு ஆர் அல்லது பைதான் என்ற நிரல்மொழி, இரண்டில் ஒன்று. இரண்டையும் கற்கப் போகாதீர்கள், முதல் வருடம் அதிலேயே கரைந்துவிடும்.

மலாயில் ஒரு பக்கக் கடிதம் பிழையில்லாமல் எழுத வரவேண்டும். அரசுத் துறைகளில் தரவு கேட்கும்போது பல்கலைக்கழகத்தின் சூராட் சோகோங்கான், அதாவது ஆதரவுக் கடிதம், கூடவே போகவேண்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் படிப்பார்கள். ஆனால் மலாயில் எழுதிய கடிதம் சரியான மேசைக்குச் சீக்கிரம் போகிறது. என் அனுபவம் அப்படி.

பிறகு ஒரு மை50 அட்டை. மாதம் 50 ரிங்கிட், ரேப்பிட் கேஎல்லின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். வாங்கும்போதே இரண்டு விஷயங்களைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்: இது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும், கேடிஎம் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலுக்குச் செல்லாது. கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வருகிறவருக்கும், நிர்மாணத் தளத்தில் வேலை செய்கிற வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இந்தச் சலுகை எட்டவில்லை. உங்கள் ஆய்வின் முதல் குறிப்பு அட்டை கவுண்டரிலேயே கிடைத்துவிட்டது.

செலவுக்கு ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால், எந்த மானியத்திலிருந்து சம்பளம் வருகிறதோ அதன் நோக்கங்களைக் கையெழுத்துக்கு முன் வாங்கிப் படியுங்கள். எஃப்ஆர்ஜிஎஸ் (அரசின் அடிப்படை ஆய்வு மானியம்) போன்ற மானியங்களின் நோக்கங்கள் விண்ணப்பத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அவை உங்கள் கேள்வியோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டு ஆய்வு செய்து ஒரு பட்டம் வாங்குவீர்கள்.

1. முதலில் ஓர் இடையூறைப் பிடியுங்கள்

"கோலாலம்பூர் போக்குவரத்தின் மீள்திறன்" என்பது தலைப்பாகுமே தவிர, கேள்வியாகாது. எதற்கு எதிரான மீள்திறன்? அதைச் சொல்லாதவரை எந்தத் தரவு வேண்டும், எத்தனை நாள் பார்க்கவேண்டும் என்று எதையும் தீர்மானிக்க முடியாது.

இடையூறு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உடைக்கும். 2022 நவம்பரில் கிளானா ஜெயா தடத்தில் ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாகி, கிளானா ஜெயாவிலிருந்து அம்பாங் பார்க் வரை 16 நிலையங்கள் பல நாள் மூடிக் கிடந்தன. அப்போது ரயில் நின்றது, சாலை ஓடியது. 2021 டிசம்பர் 18இல் பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முங்கியபோது நிலைமை தலைகீழ். சாலை போச்சு, சாலையை நம்பிய பஸ் போச்சு, நெடுஞ்சாலையில் பலர் இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். சிலருக்குத் திரும்பிப் போக வீடே இல்லை. முதலாவதற்கு ரயில் வலையமைப்பும் மாற்றுப் பஸ்ஸும் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு மழை, ஆற்றுமட்டம், மேடுபள்ளம், தற்காலிக முகாம் எல்லாம் வேண்டும்.

மூன்றாவது வகையும் உண்டு. பஸ் குறைகிறது, 20 நிமிடத்துக்கு ஒன்று என்றிருந்தது 45 நிமிடமாகிறது. செய்தியில் வராது. என் கணிப்பில் இதுதான் ஆய்வுக்கு மிக நல்ல இடையூறு, தொடுகிறவர்கள்தான் குறைவு.

சோதனை ஒன்று: நீங்கள் பிடித்த இடையூறுக்குத் தேதி, இடம், எத்தனை மணி நேரம் என்று எழுத முடிகிறதா? முடியாவிட்டால் இன்னும் பிடிக்கவில்லை.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாக அமையும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இரண்டு பாலம், ஒரு ஃபெர்ரி, அவ்வளவுதான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளமும் கையில் இருக்கிறது. முத்தியாரா எல்ஆர்டி கட்டுமானத்தில் இருப்பதால், வருவதற்கு முன் வந்த பின் என்று ஒப்பிடவும் வழியுண்டு. ஆனால் உங்கள் கல்விக்காலம் அது முடியும்வரை காத்திருக்காது. "முன்" என்ற பாதியை மட்டும் முழுமையாகச் செய்யும்படி கேள்வியைக் குறுக்குங்கள்.

2. நியாயத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

அந்த வரியில் மூன்று விஷயங்கள் இருக்கவேண்டும்: யாருக்கு, எதில், எந்த அளவுகோலில். புதியவர்கள் முதலாவதை மட்டும் எழுதுவார்கள், "பி40 குடும்பங்களுக்கு" என்று, அதாவது வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டில் இருப்பவர்களுக்கு. எதில் என்று கேட்டால் விழிப்பார்கள். நேரத்திலா, பணத்திலா, ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய வேலைகளின் எண்ணிக்கையிலா?

அளவுகோல்தான் பெரிய பொறி. புரிவதற்காகக் கற்பனை எண்களில் சொல்கிறேன். அ என்ற குடியிருப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் 1,00,000 வேலைகளை எட்டலாம், வெள்ளத்தன்று 70,000. ஆ என்ற பிளாட்டிலிருந்து 20,000, வெள்ளத்தன்று 14,000. இரண்டு இடத்திலும் இழப்பு 30 விழுக்காடு. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் "பாகுபாடு இல்லை" என்று முடிவு வரும். எண்ணிக்கையைப் பார்த்தால் அதிகம் இழந்தவர் அ. குறைந்தது 15,000 வேலையாவது எட்டவேண்டும் என்று ஓர் எல்லை வைத்தால், கீழே விழுந்தவர் ஆ மட்டும்தான். ஒரே தரவில் மூன்று தீர்ப்பு.

அதனால் அளவுகோலைக் கணக்குக்கு முன்பே தேர்ந்தெடுத்து, ஏன் என்று எழுதிவையுங்கள். முடிவைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால் வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார். நான் குறைந்தபட்ச எல்லையைத்தான் பரிந்துரைப்பேன். எல்லை எங்கே என்று வாதாட வேண்டியிருக்கும், சரிதான். ஆனால் ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லும் கினி குறியீடு ஒன்றைப் போட்டுவிட்டு நகர்வதைவிட அந்த வாதம் எவ்வளவோ மேல்.

ஒரு இடைச்செருகல். 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் மழைநீரை நகர மையத்தைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பெருமழையில் உள்ளே இருக்கும் சாலையை மூடிவிட்டு அதிலும் தண்ணீர் விடுவார்கள். மீள்திறன் பற்றிய எல்லாக் கட்டுரையிலும் இது வரும். நகர மையத்திலுள்ள மஸ்ஜித் ஜாமெக் நனையாமல் இருந்தது என்று எழுதுகிறவர்கள், அதே மழையில் காப்பு இல்லாத இடங்கள் எவை என்று ஒரு வரி சேர்ப்பதில்லை. உங்கள் ஆய்வு அந்த ஒரு வரிதான்.

3. இன்றே பதிவைத் தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

அரசின் திறந்த தரவுத் தளத்தில் ரேப்பிட் கேஎல், ரேப்பிட் பினாங்கு பஸ்களின் தற்போதைய இடம், பொதுப் போக்குவரத்துத் தரவுக்கென்றே உள்ள ஜிடிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையின் நேரலை வடிவத்தில் கிடைக்கிறது. யாரும் இலவசமாக எடுக்கலாம். ஆனால் அது இந்த நொடியைத்தான் சொல்லும். நேற்று எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்த பெருவெள்ளம் உங்கள் ப்ரொபோசல் ஏற்கப்படும்வரை பொறுத்திருக்காது. ஆகவே அரை நிமிடத்துக்கு ஒரு முறை அந்தத் தரவை இழுத்துச் சேமிக்கும் சிறு நிரலைச் சேர்ந்த முதல் மாதமே ஓடவிடுங்கள். நாற்பது வரி நிரல். பொதுத் தரவு என்பதால் எவரையும் பேட்டி காணத் தேவையில்லை. தலைப்பே மாறினாலும் வீணாகாது.

சொந்த லேப்டாப்பில் ஓடவிடாதீர்கள். நான் விட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மூடியை மூடி எடுத்துப் போனேன், நிரல் தூங்கிவிட்டது. திரும்பி வந்தும் கவனிக்கவில்லை. 11 நாள் வெற்றிடம். அதில் இரண்டு நாள் அடைமழை. வாடகை சர்வர் ஒன்று மாதம் இரண்டு வேளைச் சாப்பாட்டுச் செலவில் கிடைக்கும். தினமும் காலையில் "நேற்று இத்தனை வரி பதிவானது" என்று உங்கள் போனுக்கு ஒரு செய்தி வரும்படி வையுங்கள். எண் வராவிட்டால் பசியாறுவதற்கு முன் சரிசெய்யலாம்.

கூடவே அட்டவணை வடிவ ஜிடிஎஃப்எஸ் கோப்பையும் வாரம் ஒரு முறை தேதி போட்டுச் சேமியுங்கள். தளத்தில் இன்று இருப்பது இன்றைய அட்டவணை மட்டுமே. போன வருட வெள்ளத்தன்று எந்த அட்டவணை நடப்பில் இருந்தது என்று பிறகு தேட முடியாது.

4. கணினி மாடலுக்கு முன் பஸ் ஏறுங்கள்

நீங்கள் ஆராயப் போகிற இரண்டு பகுதிகளிலிருந்து காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவே பத்து நாள் பயணம் செய்யுங்கள். வாசற்படியிலிருந்து வேலையிடம் வரை. கையில் நேரம் எழுத ஒரு நோட்டு. ஐந்து நாள் மழையில்லாமல், ஐந்து நாள் மழையோடு.

காரணம் என்னவென்றால், வரைபடத்தில் இல்லாதது அப்போதுதான் தெரியும். நிலையம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். நடுவில் எட்டு வழிச் சாலை. மேம்பாலத்தில் ஏறி இறங்க இன்னும் பன்னிரண்டு நிமிடம். வரைபடத்தில் 400 மீட்டர் வட்டம் போட்டவர் அந்த வீடுகளை "நிலையத்துக்கு அருகில்" என்று எண்ணியிருப்பார். நடைபாதை இருக்கும், அதன் மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருக்கும். கூரையுள்ள நடைவழி பேரங்காடிக்குள் நுழையும், அங்காடி காலை பத்துக்குத்தான் திறக்கும்.

தரவில் அறவே இல்லாத வண்டிகளும் தெரியவரும். பினாங்கில் பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இருட்டோடு எழுந்து பாயான் லெப்பாஸ் போகிறவர்களை ஏற்றிக்கொள்ளும் பேக்டரி பஸ் எந்த ஜிடிஎஃப்எஸ் கோப்பிலும் கிடையாது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைத் தூரத்திலிருந்து அள்ளிவரும் ஸ்கூல் வேனும் அப்படியே. அவற்றை விட்டுவிட்டு "இந்தப் பகுதிக்குப் போக்குவரத்தே இல்லை" என்று எழுதினால், அங்கே வாழ்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கட்டத்தில் பாருங்கள், கேளுங்கள், ஆனால் யாரையும் பேட்டி என்று எடுக்காதீர்கள். நெறிமுறை ஒப்புதலுக்கு முன் எடுத்த பேட்டியை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. எவ்வளவு அருமையான பேச்சாக இருந்தாலும் தூக்கிப் போடவேண்டியதுதான்.

5. மேற்பார்வையாளரும் ப்ரொபோசலும்

போக்குவரத்துப் பொறியியல் துறையில் ஒருவர், நகரத் திட்டமிடல் அல்லது சமூகவியலில் இன்னொருவர். இருவரும் பொறியாளர்கள் என்றால் நியாயம் என்ற பாதி கடைசி அத்தியாயத்தில் இரண்டு பக்கமாகச் சுருங்கிவிடும்.

ப்ரொபோசலைக் குழுவின் முன் வைத்து வாதாடும் டிஃபென்ஸில் எல்லாரும் கேட்கிற கேள்வி: "தரவு வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" கடிதம் போட்டிருக்கிறேன் என்பது பதிலாகாது. பொதுத் தரவை மட்டும் வைத்து முடிக்கக்கூடிய ஒரு வடிவத்தை முதலில் காட்டுங்கள். துறைகளிடமிருந்து வருவது அதற்கு மேலே கிடைக்கும் போனஸாக இருக்கட்டும். முழுநேரப் படிப்பு மூன்று வருடம் என்கிறார்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் வர நான் ஏழு மாதம் காத்திருந்தேன். பதில், "கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

6. நெறிமுறை ஒப்புதல்

மனிதர்களிடம் கேள்வி கேட்கும் ஆய்வுக்கு இது கட்டாயம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பினாங்கிலுள்ள யுஎஸ்எம்மிலும் இதற்கென்றே தனிக்குழுக்கள் உண்டு. கூட்டத் தேதியை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை இருப்புதான்.

திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் வழக்கமாக இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஒன்று, சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும். மலாய், தமிழ், சீன வடிவங்களையும் இணைத்தே கொடுங்கள். மற்றது வீட்டு முகவரி. பயணத் தொடக்கம் தெரிய உங்களுக்கு முகவரி தேவையில்லை, அருகிலுள்ள சந்திப்போ பிளாட்டின் புளோக்கோ போதும். கேட்காத தகவலைக் காப்பாற்ற வேண்டிய கவலையும் இல்லை.

7. அடித்தள வரைபடம்

நான்கு அடுக்குகள், இந்த வரிசையில்.

சாலையும் நடைபாதையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து. நான்காம் கட்டத்தில் நடந்தபோது கண்ட தவறுகளை நீங்களே அதில் திருத்துங்கள். உங்களுக்கும் நல்லது, பின்னால் வருகிறவருக்கும் நல்லது.

அதன் மேல் ஜிடிஎஃப்எஸ் அட்டவணை. பிறகு மக்கள்: புள்ளிவிவரத் துறையின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், குடும்ப வருமானக் கணக்கெடுப்பும். வருமானம் மாவட்டம், தொகுதி அளவில்தான் வெளியாகிறது. ஒரே தொகுதிக்குள் கொண்டோமினியமும் அரசின் மலிவு வீடான பிபிஆர் பிளாட்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற ஊர் இது. சராசரி இரண்டையும் கலந்து "நடுத்தரம்" என்று காட்டும். அதனால் தொகுதி எண்ணை வீட்டுக்கு வீடு பிரித்துத் தெளிக்காதீர்கள். மலிவு விலைக் குடியிருப்புகளின் இடங்களைத் தனியாகக் குறித்து, அவற்றைத் தனி அலகாக நடத்துங்கள்.

நான்காவது, தண்ணீர். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் நிலையவாரியாக மழையளவும் ஆற்றுமட்டமும் வருகிறது. பஸ் பதிவைப் போலவே இதையும் ஓடவிட்டுச் சேமியுங்கள்.

பயணிகள் எண்ணிக்கையை ஒப்பிடும்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். திறந்த தரவு 2019 முதல் இருக்கிறது. 2020 மார்ச் 18இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்ஆர்டி தடம் முழுமையாகத் திறந்தது. இந்த இரண்டு கோட்டையும் தாண்டிப் போடும் எந்தச் சராசரியும் பொய்தான் சொல்லும். நோன்பு மாதம், பள்ளி விடுமுறை, தைப்பூசம் எல்லாவற்றையும் சாதாரண நாள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தைப்பூசத்தன்று பத்துமலைக் கொமுட்டரைப் பார்த்துவிட்டு அதைச் சராசரியில் சேர்க்க நம்மில் யாருக்கும் மனம் வராது. ஆனால் நிரலுக்கு அது தெரியாதே.

8. இடையூறில்லாத நாளை முதலில் கணக்கிடுங்கள்

ஒவ்வோர் இடத்திலிருந்தும் 60 நிமிடத்தில் எத்தனை வேலை, எத்தனை கிளினிக், எத்தனை பள்ளியை எட்டலாம் என்பதுதான் கணக்கு. இதை 1959இல் ஹான்சன் எழுதிய வடிவத்தில், தூரம் கூடக் கூட மதிப்பு குறையும்படி செய்வோரும் உண்டு. முதல் சுற்றுக்கு எண்ணிக்கையே போதும்; பிளாட் மக்களுக்கும் நகராட்சி அதிகாரிக்கும் ஒரே வாக்கியத்தில் விளக்கலாம்.

காலை 7.00க்குப் புறப்பட்டால் என்று ஒரே ஒரு நேரத்தை எடுக்காதீர்கள். பஸ் 7.01க்கு வந்தால் அந்த இடம் சொர்க்கம், 6.59க்குப் போயிருந்தால் பாலைவனம். 6.00 முதல் 8.00 வரை ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓடவிட்டு நடு எண்ணை எடுங்கள். ஆரில் உள்ள ஆர்5ஆர் தொகுப்பு இதைத் தானே செய்யும்.

அடுத்து, அட்டவணை சொன்ன நேரத்தையும் நீங்கள் பதிவுசெய்த உண்மையான பஸ் நேரத்தையும் ஒப்பிடுங்கள். இதற்குத்தான் மூன்றாம் கட்டம். சாதாரண நாளிலேயே அட்டவணையில் ஓடாத தடத்தில் வெள்ளத்தின் பாதிப்பை அட்டவணையிலிருந்து கழித்தால், வெள்ளம் செய்யாத குற்றத்தையும் வெள்ளத்தின் மேல் போடுகிறீர்கள்.

9. வினாநிரல், உடைக்கும் மாடலுக்கு முன்

பெரும்பாலானோர் மாடலை ஓட்டிவிட்டு, கடைசியில் "உறுதிப்படுத்த" 384 பேரிடம் வினாநிரல் கொடுப்பார்கள். 384 என்ற எண் ஏன் என்று கேட்டால் எல்லாரும் க்ரெஜ்சி, மோர்கன் 1970இல் வெளியிட்ட அட்டவணையைக் காட்டுவார்கள். பெரிய மக்கள்தொகையிலிருந்து சீட்டுக் குலுக்கியது போல எடுத்தால், ஒரே ஒரு விகிதத்தை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் சொல்ல 384 போதும் என்கிறது அது. எல்ஆர்டி வாசலில் நின்று கிடைத்தவரைப் பிடித்தால் அது சீட்டுக் குலுக்கல் ஆகாது. அந்த 384இல் கைக்குழந்தையோடு பஸ் ஏறும் பெண்கள் எத்தனை பேர்? ஒன்பது பேர் வந்தால் அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எந்தக் குழுவைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ, ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக ஆட்களை எண்ணி எடுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, நிலைய வாசலில் நிற்பதே. அங்கே இருப்பவர் வந்துவிட்டவர். நாம் தேடுவது வராதவரை.

இது எனக்குப் புரிந்த கதையைச் சொல்கிறேன். ஒப்புதல் கிடைத்து, முன்னோட்டச் சுற்றுக்காகச் செந்தூல் பக்கம் ஒரு பிளாட்டில் கீழ்த்தள பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தமிழ் வினாநிரலின் ஆறாவது கேள்வி இப்படி இருந்தது: "பொதுப் போக்குவரத்து இடையூறின்போது தாங்கள் கையாளும் மாற்றுப் பயண உத்தி யாது?" நானே மொழிபெயர்த்தது, பெருமையாகத்தான் இருந்தது. கட்டட சுத்திகரிப்பு வேலை செய்யும் அம்மா ஒருவர், கையில் சாமான் பையோடு நின்றபடியே கேட்டார். "என்ன தம்பி, பரீட்சையா?"

மாற்றிக் கேட்டேன். "ரயில் ஓடலைன்னா அன்னைக்கு என்னம்மா பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? போக மாட்டேன். சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ். ஒரு நாள் சம்பளம் போச்சு."

"கிரேப் கார் எடுக்க மாட்டீங்களா?"

"தம்பி, அன்னைக்குச் சம்பளமே அறுபது வெள்ளி. மழை பெய்யுறப்ப கிரேப் முப்பது முப்பத்தஞ்சு காட்டும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. எதுக்குப் போவணும்?"

நான் அதுவரை கட்டியிருந்த மாடல் அந்த அம்மாவுக்கு "கூடுதல் பயண நேரம் 48 நிமிடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையில் அவருக்குத் தாமதமே இல்லை. அவர் புறப்படவே இல்லை. பயணிகளின் சராசரித் தாமதத்தைப் போட்டால், ஏழைகள் வீட்டில் நின்றுவிட நின்றுவிட அந்தச் சராசரி குறைந்துகொண்டே வரும். வெள்ளத்தில் அமைப்பு நன்றாகத் தாங்கியது என்று எண் சொல்லும்.

ஆகவே வினாநிரலில் மூன்று கேள்விகளை எப்படியாவது வையுங்கள். எவ்வளவு நேரம் கூடினால் போவதை விட்டுவிடுவீர்கள்? எவ்வளவு பணம் கூடினால்? போகாவிட்டால் என்ன இழப்பு? வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்பவருக்கும் நாள் சம்பளக்காரருக்கும் பதில் வேறு வேறாக வரும். கேட்க வேண்டிய இடம் பிளாட்டின் கீழ்த்தளம், காலைச் சந்தை, கோயில் அன்னதானம் முடிந்த நேரம், கிளினிக் வரிசை. வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பை உங்களைவிடக் குறைவாகப் படித்த மூவருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் எந்தச் சொல்லில் நிற்கிறார்களோ அதை வெட்டுங்கள். வருமானத்தை நேராகக் கேட்டால் முகம் மாறும். அட்டையில் வருமான வரம்புகளை அச்சடித்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழாது.

10. இப்போது உடையுங்கள்

வலையமைப்பில் ஒவ்வொரு நிலையத்தையும் ஒரு புள்ளியாக்கி, கண்ணை மூடிக்கொண்டு சில புள்ளிகளை நீக்கி, எத்தனை விழுக்காடு இணைப்பு மிஞ்சியது என்று பார்ப்பது எளிது. நிறையப் பேர் அதைச் செய்துவிட்டு நிறுத்துகிறார்கள். ஆனால் ரயில் அப்படி உடைவதில்லை. ஒரு நிலையத்தில் பழுது என்றால், தண்டவாளம் மாறித் திரும்ப எங்கே வசதியிருக்கிறதோ அதுவரை முழுத் துண்டும் நிற்கும். 16 நிலையங்கள் சேர்ந்து மூடியதை நினைத்துப் பாருங்கள். ஆகவே தனிப் புள்ளியை விட்டுவிட்டு, துண்டு துண்டாக எடுங்கள். வெள்ளத்துக்கும் இதே விதி: மழை ஒரு சாலையை மட்டும் பார்த்து இறங்குவதில்லை, தாழ்ந்த பகுதி முழுவதும் ஒன்றாக முங்கும்.

மாற்றுப் பஸ் விடப்பட்டது என்றால் அதையும் மாடலில் விடுங்கள், ஏறவேண்டிய வரிசையோடு சேர்த்து. ஒரு ரயில் கொண்டுவந்து கொட்டுகிற கூட்டத்தை ஒரு பஸ் அள்ளாது.

பிறகு மீட்சி. 2003இல் புரூனோவும் கூட்டாளிகளும் நிலநடுக்கத்துக்காக எழுதிய முறையில், பணித்திறன் சரிந்து மறுபடி ஏறும் கோட்டுக்கு மேலே உள்ள முக்கோணப் பரப்பே இழப்பு. இதை மொத்த நகரத்துக்கு ஒன்று என்று வரையாமல், குழுவுக்கு ஒன்று வரையுங்கள். என் வேலையில் பாதி இந்த ஒரு படத்தில்தான் அடங்கியது. நகரம் ஏறிவிட்டது, ஒரு கோடு மட்டும் கீழேயே படுத்துக் கிடந்தது.

கடைசியாக, ஒன்பதாம் கட்டத்தில் கிடைத்த "விட்டுவிடும் எல்லை"யைப் போடுங்கள். கூடுதல் நேரமோ பணமோ அந்த எல்லையைத் தாண்டினால் அந்தப் பயணத்தைத் தாமதமாக எண்ணாமல், நடக்காத பயணமாக எண்ணுங்கள். முடிவு அட்டவணையில் இரண்டு வரிசை வேண்டும்: தாமதமானவர்கள், வராதவர்கள். இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்க்கும்படி யார் சொன்னாலும் சேர்க்காதீர்கள். என்னிடமும் சொன்னார்கள்.

மோட்டாரை மறக்கவேண்டாம். பினாங்குப் பாலங்களில் 2019 ஜனவரி 1 முதல் மோட்டாருக்கு டோல் இல்லை. பஸ் தடுமாறினால் இளைஞர்கள் சாவியை எடுத்துவிடுவார்கள். மாடல் அதை "மாற்று வழி கிடைத்தது" என்று மீள்திறனில் வரவு வைக்கும். இந்நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். வரவு வைத்தால் பக்கத்திலேயே செலவையும் எழுதுங்கள்.

11. எழுதுவதும் வைவாவும்

முறையியல் அத்தியாயத்தை வேலை நடக்கும்போதே எழுதிவிடுங்கள். ஏன் 60 நிமிடம், ஏன் அந்த இரண்டு பகுதி என்பதெல்லாம் இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது. கட்டுரை வெளியிட்டால்தான் பட்டம் என்ற நிபந்தனை உங்கள் துறையில் இருக்கிறதா என்று முதல் செமஸ்டரிலேயே கேளுங்கள். இருந்தால் எட்டாம் கட்டம் முடிந்ததும் முதல் கட்டுரை போகவேண்டும். இதழ்கள் பதில் சொல்ல எடுக்கும் மாதங்கள் உங்கள் கட்டணக் கணக்கில் ஓடும்.

வைவாவுக்கு மூன்று படங்கள் தனித்தாளில் கையோடு இருக்கட்டும்: சாதாரண நாள், உடைந்த நாள், குழுவுக்குக் குழு மீட்சிக் கோடு. வெளித் தேர்வாளர் பெரும்பாலும் இரண்டு இடத்தில் குத்துவார். எல்லையை மாற்றினால் முடிவு மாறுமா? 45, 60, 75 நிமிடம் என்று மூன்றுக்கும் ஓட்டிய அட்டவணை பின்னிணைப்பில் இருந்தால் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். இரண்டு பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நகரத்தைப் பற்றிப் பேசலாமா? பேசக்கூடாது. பேசவில்லை என்று காட்டுவதற்கு ஆய்வேட்டில் "கோலாலம்பூர்" என்று எழுதிய இடங்களையெல்லாம் முன்னதாகவே தேடி, எங்கெல்லாம் அந்த இரண்டு பகுதியின் பெயர் வரவேண்டுமோ அங்கே மாற்றிவையுங்கள். எனக்கு 31 இடங்களில் மாற்ற வேண்டியிருந்தது.

திருத்தங்கள் ஒப்படைத்த பிறகு செய்ய வேண்டியவை இரண்டு. பஸ் பதிவுகளையும் நிரலையும் விளக்கக் குறிப்போடு பொதுவில் வையுங்கள். பேட்டித் தாள்களையும் தொலைபேசி எண்களையும் ஒப்புதல் படிவத்தில் சொன்ன தேதியில் அழியுங்கள். இடையில் ஒரு சனிக்கிழமை அந்தப் பிளாட்டுக்குப் போய், முடிவை ஒரு பக்கத்தில், தமிழிலும் மலாயிலும், லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வாருங்கள். நான் போனபோது லிஃப்ட் ஓடவில்லை. படிக்கட்டுப் பக்கம் ஒட்டினேன்.